எம்டன் ரெசின் மாதிரி (1/700): திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

'அவன் சரியான எம்டன்டா' என்று ஒருவரைச் சொன்னால் லேசில் பிடிபடாதவன், எதற்கும் துணிந்தவன் என்று அர்த்தம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு இருட்டிலேயே மறைந்துபோன ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் அது. அந்தக் கப்பலின் சின்ன ரெசின் மாதிரியை நான் இதுவரை மூன்று முறை கட்டியிருக்கிறேன். மேசையில் அதைப் பார்க்கிறவர்களும், கிட் வாங்கிவிட்டு நடுவழியில் நிற்கிறவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளையும், என் கைக்கு ஒத்துவந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

எம்டன்னு கதைதான் கேட்டிருக்கேன். நிஜத்துல எவ்வளவு பெரிய கப்பல், மாதிரி எவ்வளவு வரும்?

நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். லைட் குரூசர் வகை, அதாவது வேகமாக ஓடும் நடுத்தரப் போர்க்கப்பல். டான்சிக் கப்பல்தளத்தில் கட்டி 1908இல் கடலில் இறக்கினார்கள், 1909இல் பணியில் சேர்ந்தது. மூன்று புகைபோக்கிகள், இரண்டு உயரமான கொடிமரங்கள், பத்து 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள்.

1/700 அளவில் இது 169 மில்லிமீட்டர் நீளம், 19 மில்லிமீட்டர் அகலம். கையை விரித்து வைத்தால் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் வரும், அவ்வளவுதான். மாலுமி ஒருவர் இரண்டரை மில்லிமீட்டர் உயரம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

ரெசின்னா அதுவும் பிளாஸ்டிக்தானே அண்ணா, என்ன பெரிய வித்தியாசம்?

கையாளும்போது முழுக்க வேறு. சாதாரண பிளாஸ்டிக் கிட் பாலிஸ்டைரினால் ஆனது; எஃகு அச்சில் அழுத்தி வார்ப்பார்கள், பாகங்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். ரெசின் கிட்டில் இருப்பது பாலியூரித்தேன். இரண்டு திரவங்களைக் கலந்து ரப்பர் போன்ற சிலிக்கோன் அச்சில் ஊற்றி இறுக வைக்கிறார்கள். அதனால் காற்றுக்குமிழ் இருக்கும், ஊற்றிய இடத்தில் ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கும், மெல்லிய பாகங்கள் வளைந்திருக்கும். பொருத்துவதற்கான குழியும் முளையும் பெரும்பாலும் இருக்காது, எங்கே ஒட்டுவது என்று நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும்.

பிறகு ஏன் ரெசின் என்றால், எஃகு அச்சு செய்ய ஆகும் செலவுக்கு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். அவ்வளவு பேர் வாங்காத கப்பல்களைச் சின்னச் சின்ன தயாரிப்பாளர்கள் ரெசினில்தான் செய்ய முடிகிறது. முதல் உலகப் போர்க் கப்பல்கள் பலவும் அந்தக் கணக்கில் வருபவை.

இதுதான் என் முதல் கப்பல். நேரா ரெசின்லயே ஆரம்பிக்கலாமா?

ஒரே ஒரு பிளாஸ்டிக் கப்பலாவது கட்டிவிட்டு வாருங்கள். எம்டன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், ரெவெல் நிறுவனம் 1/350 அளவில் பிளாஸ்டிக்கிலேயே வெளியிட்டிருக்கிறது. இதைவிட இரண்டு மடங்கு நீளம், கைக்குத் தோதாக இருக்கும்.

ஏற்கெனவே ரெசினை வாங்கிவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். பிற்கால குரூசர்கள் போல அடுக்கடுக்கான மேல்கட்டுமானம் இதில் கிடையாது. நீண்ட உடல், மேலே மூன்று குழாய், இரண்டு மரம், பக்கத்துக்குப் பக்கம் பீரங்கி. முதல் ரெசினுக்கு நான் சிபாரிசு செய்யும் போர்க்கப்பல் வகையே இதுதான்.

பெட்டியைத் திறந்தாச்சு. முதல்ல எதை ஒட்டணும்?

எதையும் ஒட்டக்கூடாது. முதலில் பாகங்களைப் பட்டியலோடு சரிபாருங்கள். ரெசின் கிட்டில் ஒன்றிரண்டு குறைவது சகஜம், உடைந்து வருவதும் உண்டு. பீரங்கிகளை எண்ணுங்கள், பத்து இருக்க வேண்டும்.

அப்புறம் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எளிதாக உரித்தெடுக்க ஒருவித எண்ணெய்ப் பூச்சு தடவியிருப்பார்கள், அது ரெசின்மேல் அப்படியே தங்கியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, அலசி, ஒரு இரவு காயவிடுங்கள். சின்னப் பாகங்களை டீ வடிகட்டியில் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரோடு போய்விடும். என் முதல் எம்டனைக் கழுவாமல்தான் கட்டினேன். பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டிய டேப்பை உரித்தபோது அணியத்தின் (கப்பலின் முன்முனை) இடப்பக்கம் ஒரு விரலகலத்துக்குச் சாம்பல் பெயின்ட் தோல் மாதிரி அப்படியே டேப்போடு வந்துவிட்டது, அடியில் வெறும் மஞ்சள் ரெசின். அதற்குப் பிறகு இந்தப் படியைத் தாண்டியதே இல்லை.

ரெசின் தூசி கெடுதல்னு சொல்றாங்களே, வாயில துணி கட்டிக்கிட்டா போதாதா?

போதாது. ரெசினை உலரத் தேய்த்தால் மாவு மாதிரி தூசி பறக்கும், மிக நுண்ணியது, துணி அதைத் தடுக்காது. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. என்95 போன்ற வடிகட்டி முகக்கவசம் போடுங்கள். எப்போதும் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை வாங்கி, தண்ணீரில் முக்கி முக்கித் தேயுங்கள். தூசி சேறாகத் தாளிலேயே தங்கிவிடும். முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள், ஊதக் கூடாது, பெருக்கவும் கூடாது.

3டி பிரிண்டர்ல வர்ற ரெசினும் இதுவும் ஒண்ணுதானா?

பெயர்தான் ஒன்று. அது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் வேறு ரசாயனம். அதில் காற்றுக்குமிழும் ஊற்றுக்கட்டியும் இருக்காது, பதிலுக்கு முள் முள்ளாகத் தாங்குகால்களின் தடமும் படிப்படியான கோடுகளும் இருக்கும். வார்ப்பு ரெசினைவிடச் சற்று நொறுங்கும் தன்மை அதிகம். சரியாக இறுகாத பிரிண்ட் பிசுபிசுவென்று இருக்கும், அதை வெறுங்கையால் தொடாதீர்கள், தோல் ஒவ்வாமை வரும். ஒட்டுவது, பிரைமர் (பெயின்டுக்கு முன் போடும் அடிப்பூச்சு) அடிப்பது, தூசியில் கவனம் இதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

கப்பல் உடல் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருக்கு. திருப்பி அனுப்பிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒளி தெரிந்தால் இரு முனையும் கீழே வளைந்திருக்கிறது. ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பினால் நடுவயிறு தொங்குகிறது. கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத நீரில், சில நிமிடம் ஊறவிட்டால் ரெசின் இளகும். எடுத்துக் கண்ணாடிமேல் நேராக அழுத்திப் பிடித்து, பிடித்தபடியே குளிர்ந்த நீரில் காட்டினால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். ஒரே தடவையில் வராது, இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும்.

மிச்சமிருக்கும் சின்னக் குறையை, கண்ணாடிமேல் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, அடிப்பாகத்தை எட்டு போடுவதுபோல் நகர்த்தித் தேய்த்துச் சரிசெய்யலாம். நாலைந்து தேய்ப்புக்கு ஒரு முறை கப்பலை முன்பின்னாகத் திருப்பிப் பிடியுங்கள். நம் கை அறியாமலே ஒரு பக்கம் அதிகம் அழுத்தும், அப்புறம் கப்பல் ஒரு பக்கம் அமிழ்ந்த மாதிரி நிற்கும்.

காத்துக்குமிழ் ஓட்டையை எதை வைத்து அடைக்கிறது?

ஊசிமுனை அளவு ஓட்டைக்கு ஒரு சொட்டு சூப்பர் க்ளூ. அதைவிடப் பெரியதற்கு சூப்பர் க்ளூவோடு முகப்பவுடரைக் குழைத்து, பல்குத்தும் குச்சியால் வையுங்கள். அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் என்று விட்டால் சுற்றியுள்ள ரெசினைவிடக் கெட்டியாகிவிடும், தேய்க்கத் தேய்க்க ரெசின்தான் குழிவிழும்.

குமிழ் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும், தேய்க்கும்போதுதான் வாய் திறக்கும். அதனால் கழுவிய உடலைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஊசியால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள், மெல்லிசான இடம் உள்ளே அமுங்கும். பிரைமர் அடித்ததும் இன்னும் இரண்டு மூன்று கண்டிப்பாகத் தலைகாட்டும்.

பிளாஸ்டிக் கிட்டுக்கு வாங்கின சிமென்ட் இருக்கு, அதையே போடலாமா?

ஒட்டாது. அது பாலிஸ்டைரினைக் கரைத்து ஒட்டும் திரவம், ரெசினை அது கரைக்காது. சூப்பர் க்ளூதான் வேண்டும். தண்ணீர் மாதிரியானது ஒன்று, கெட்டியானது ஒன்று, இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீர்க்கோட்டுக்கு (கப்பலில் நீர்மட்டம் தொடும் கோடு) மேலும் கீழும் இரண்டு துண்டாக வரும் உடலை ஒட்டுவதற்கு மட்டும் இரண்டு டியூப்பைக் கலந்து போடும் எபாக்சி பசை நல்லது, நகர்த்திச் சரிபார்க்க நேரம் கிடைக்கும். சூப்பர் க்ளூவை நேராக டியூபிலிருந்து ஊற்றாமல் ஒரு தகட்டில் சொட்டு விட்டு, ஊசிக் காதின் முனையை வெட்டி அதில் தொட்டு வைத்தால் தேவையான அளவு மட்டும் இறங்கும்.

பித்தளைத் தகடு வந்திருக்கு, பார்த்தாலே பயமா இருக்கு. அது இல்லாம கட்டலாமா?

கட்டலாம், ஆனால் கைப்பிடிக் கம்பிகளும் ஏணிகளும் இல்லாமல் 1/700 கப்பல் மொட்டையாகத் தெரியும். அமிலத்தால் அரித்துச் செய்யும் இந்தத் தகட்டின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், நிஜ அளவில் 7 சென்டிமீட்டர் ஆகிறது. ஆக அதுவே உண்மையான கம்பியைவிடத் தடிமன், ரெசினில் வார்த்தால் இன்னும் மோசமாக இருக்கும்.

கத்தரிக்கோல் வேண்டாம். கண்ணாடி அல்லது ஓட்டுத்துண்டின்மேல் வைத்துப் புதுப் பிளேடால் மேலிருந்து அழுத்தி வெட்டுங்கள். மெத்தென்ற வெட்டுப்பாயில் வெட்டினால் தகடு வளையும். அணியத்தின் வளைவுக்குக் கம்பியை வளைப்பதற்கு முன் மெழுகுவத்திச் சுடரில் ஒரு கணம் காட்டி ஆறவிட்டால் விறைப்பு போய்விடும். சின்ன சின்னத் துண்டாக ஒட்டுங்கள். முழு நீளத்தையும் ஒரேயடியாக ஒட்டப் போனால் ஒரு மூலை பிடிக்கும்போது மறுமூலை கிளம்பும்.

பீரங்கிக் குழல் எல்லாம் உடைஞ்சு வந்திருக்கு, கொடிமரமும் வளைஞ்சிருக்கு.

நல்லதாகப் போயிற்று, தூக்கிப் போட்டுவிடுங்கள். மெல்லிய ரெசின் மரம் இன்று நேராக இருந்தாலும் வெயில் காலம் ஒன்று தாண்டினால் தொய்ந்துவிடும். கொடிமரங்களுக்கு அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, மேல்பாதிக்கு 0.3 மில்லிமீட்டர். எம்டன் பீரங்கிக் குழலின் நீளம் 4.2 மீட்டர், அதாவது நம் அளவில் சரியாக 6 மில்லிமீட்டர். கம்பியைப் பத்துத் துண்டாக வெட்டி, கவசத்தில் நுண்துளையிட்டுச் சொருகினால் முடிந்தது. அணியத்தில் இரண்டு பக்கம் பக்கமாக, அமரத்தில் (பின்முனை) இரண்டு பக்கம் பக்கமாக, நடுவில் ஒரு பக்கத்துக்கு மூன்று. இந்த அடுக்கு மாறக்கூடாது.

என்ன கலர் அடிக்கிறது? வெள்ளைன்னு ஒருத்தர் சொல்றார், சாம்பல்னு ஒருத்தர் சொல்றார்.

இரண்டு பேரும் சரி. எந்த நாளின் எம்டனைக் கட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பிரைமர் டப்பாவைத் திறக்கும் முன்பே இதற்குப் பதில் வேண்டும், நிறத்தோடு சேர்ந்து கொடி, புகைபோக்கி, அழுக்கு எல்லாம் மாறும்.

அமைதிக் காலத்தில் சீனக் கரையில் சிங்தாவில் இருந்தபோது உடல் வெள்ளை, மேல்கட்டுமானமும் புகைபோக்கிகளும் காவி கலந்த மஞ்சள். 'கிழக்கின் அன்னம்' என்று பெயரே வாங்கியது அப்போதுதான். போருக்கு அந்த வெள்ளை ஒத்துவராது, சாம்பல் அடித்தார்கள். சென்னையைச் சுட்டது, பினாங்கில் புகுந்தது, கடைசியில் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பலோடு சண்டையிட்டுத் தரைதட்டியது, எல்லாம் சாம்பல் எம்டன்.

சாம்பலின் துல்லியமான சாயலுக்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. நடுத்தரச் சாம்பலை எடுத்துக் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளுக்க வையுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கறுத்துத் தெரியும்.

எம்டன் படத்துல முன்பக்கம் பெரிய சிலுவை இருக்கே, அது ஏன் கிட்டுல இல்லை?

நீங்கள் பார்த்தது வேறு கப்பல். நம் எம்டன் அழிந்த பிறகு அதே பெயரில் 1916இல் இன்னொரு குரூசர் வந்தது. முதல் எம்டனின் நினைவாக அதன் அணியத்தில் இரும்புச் சிலுவைச் சின்னம் பொருத்தினார்கள். அதற்கும் மூன்று புகைபோக்கி இருப்பதால் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 1925இல் மூன்றாவது எம்டன் ஒன்றும் உண்டு. படம் பார்த்துக் கட்டும்போது ஆண்டைப் பாருங்கள். 1914க்குப் பிந்தைய படம் என்றால், தரைதட்டிய சிதைவைத் தவிர, அது நம் கப்பல் இல்லை.

டிரெஸ்டன் கிட்தான் கிடைச்சது. அதையே எம்டன்னு கட்டினா கண்டுபிடிச்சிடுவாங்களா?

இரண்டும் உடன்பிறப்புகள், ஒரே வரைபடம். நீர்க்கோடு வரைக்கும் உள்ள மாதிரி என்றால் தாராளமாகக் கட்டலாம், சின்னச் சின்ன மேல்தள வேறுபாடுகளைப் படம் பார்த்துத் திருத்துங்கள். அடிப்பாகத்தோடு கட்டுவதாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். டிரெஸ்டனில் டர்பைன், எம்டனில் பழைய பிஸ்டன் நீராவி எந்திரம். அதனால் டிரெஸ்டனுக்கு நாலு உந்துவிசிறி, எம்டனுக்கு இரண்டு.

துரு, அழுக்கு எவ்வளவு போடலாம்? போட்டா ஓவராப் போயிடுதே.

வெள்ளை எம்டனுக்குப் போடவே வேண்டாம், அது பளிச்சென்று பராமரித்த கப்பல். சாம்பல் எம்டனுக்குத் தயங்காமல் போடுங்கள், ஆனால் எங்கே என்று யோசித்துப் போடுங்கள். மூன்று மாதத்துக்கும் மேலாகச் சொந்தத் துறைமுகம் எதுவும் இல்லாமல் ஓடிய கப்பல் அது. கரியெல்லாம் நடுக்கடலில், உடன்வந்த கப்பலையும் பிடித்த கப்பல்களையும் பக்கத்தில் அணைத்துக் கட்டிக்கொண்டு மூட்டை மூட்டையாக ஏற்றியது. இரண்டு இரும்பு உடல்கள் அலையில் உரசிக்கொண்டால் என்ன ஆகும்? நடுப்பகுதியின் பக்கவாட்டில்தான் சிராய்ப்பு, அங்கேதான் துரு. மேல்தளத்தில் கரித்தூள். புகைபோக்கி விளிம்பில் புகைக்கறுப்பு.

நீர்க்கோட்டருகே பாசி காட்ட நினைத்தால் தேதியைப் பாருங்கள். அக்டோபர் 9 வாக்கில் டியாகோ கார்சியாவில் நின்று, கப்பலைச் சாய்த்து அடியைச் சுரண்டினார்கள். போர் தொடங்கிய செய்தியே அந்தத் தீவுக்காரர்களுக்கு எட்டியிருக்கவில்லை. ஆக பினாங்கு நாள் எம்டனுக்குப் பாசி குறைவு, சென்னை நாள் எம்டனுக்கு அதிகம்.

நாலாவது பொய்ப் புகைபோக்கி வைக்கணும்னு ஆசை. எப்படிச் செய்யறது, கூடவே கொடியும் ஏத்தலாமா?

நல்ல ஆசை. தூரத்திலிருந்து பிரிட்டிஷ் குரூசர் யார்மவுத் போலத் தெரியவேண்டும் என்று மரச்சட்டமும் கித்தானும் வைத்து எழுப்பிய குழாய் அது. ஆகவே மற்ற மூன்றைப்போல ரெசினில் வழவழவென்று செய்யாதீர்கள். மெல்லிய டிஷ்யூ தாளை நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்து, கம்பிச் சட்டத்தின்மேல் சுற்றிக் காயவிடுங்கள். காயும்போது தானாகவே ஓரிரு சுருக்கம் விழும், துணி என்று கண்ணுக்குத் தெரியும். பெயின்டும் மற்றவற்றைவிட ஒரு சாயல் மாறியிருக்கட்டும்.

கொடி விஷயம் நுட்பமானது. 1914 அக்டோபர் 28 விடிவதற்கு முன் பொய்ப் புகைபோக்கியோடு பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன், ரஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை நோக்கி டார்பிடோ விடுவதற்கு முன் ஜெர்மன் போர்க்கொடியை ஏற்றியது. வேஷத்தோடு நெருங்கலாம், சொந்தக் கொடியில்லாமல் சுடக்கூடாது என்பது போர்முறை, கேப்டன் ஃபான் முல்லர் அதில் கறாரானவர். எனவே நாலு புகைபோக்கியும் கொடியும் சேர்ந்து காட்டினால் அது அந்தச் சில நிமிடங்களின் எம்டன். கடலில் வேஷம் போட்டுப் போகும் எம்டன் என்றால் கொடிமரம் காலியாக இருக்கட்டும். என் மூன்றாவது எம்டன் அந்தச் சில நிமிடங்கள்தான்.

கயிறு, ஆன்டெனாவுக்கு தலைமுடி போடலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

தலைமுடி 0.07 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் நிஜ அளவில் ஐந்து சென்டிமீட்டர் தடிமன், அதோடு ஈரம் மாறினால் தொய்யும். பிளாஸ்டிக் கிட்டின் சட்டத்துண்டை மெழுகுவத்திக்கு மேல் இளக்கி இழுத்தால் அதைவிட மெல்லிய இழை வரும். ரெசின் சட்டத்தில் இது நடக்காது, கருகத்தான் செய்யும். ரெடிமேடாக வரும் நீளும் லைக்ரா நூலும் நல்லது, கை பட்டாலும் அறாது. மரங்களுக்கு நான் பித்தளையை வலியுறுத்தியதற்கு இது இன்னொரு காரணம். ரெசின் மரத்தில் நூலை இழுத்துக் கட்டினால் மரமே நூலோடு வளையும்.

சென்னைத் தாக்குதலையே காட்சியா வைக்கணும் சார். ஒரு பக்கம் எம்டன், மறுபக்கம் எரியிற எண்ணெய்த் தொட்டி. எவ்வளவு பெரிய பலகை வேணும்?

ஏறக்குறைய 3000 கெஜ தூரத்திலிருந்து சுட்டது எம்டன். 1/700இல் அது நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கப்பலோ 17 சென்டிமீட்டர். ஒரே பலகையில் இரண்டையும் நெருக்கி வைத்தால் எம்டன் கரையில் கட்டிப்போட்டிருப்பது போலாகிவிடும், நான் பார்த்த இரண்டு முயற்சியும் அப்படித்தான் ஆயின.

கப்பலை மட்டும் வையுங்கள். கடலைக் கிட்டத்தட்டக் கறுப்பாக, சின்ன அலையாக அடியுங்கள். கரை பக்கமாக இருக்கும் உடல்பரப்பிலும் புகைபோக்கிகளிலும் உலர்ந்த தூரிகையால் ஆரஞ்சை மிக மெல்லிசாக, மேலிருந்து கீழாக இல்லாமல் பக்கவாட்டில் தடவுங்கள். மறுபக்கம் சாம்பலும் இருட்டுமாக அப்படியே இருக்கட்டும். பார்க்கிறவர் கப்பலைச் சுற்றி வரும்போது, எரிகிற சென்னை எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த ஆரஞ்சே காட்டிவிடும்.